முன்னையவர்களைக் குற்றம் சாட்டுவது எத்தனை நாளைக்கு?

"இதெல்லாம் எங்களுக்கு முன்னிருந்தவர்கள் செய்து வைத்துப் போன வேலை."

இலங்கை அரசியலில் கட்சி மாறியிருக்கிறது, நிறம் மாறியிருக்கிறது, சின்னம் மாறியிருக்கிறது. இந்த ஒரு வசனம் மட்டும் மாறவில்லை. 2015இல் கேட்டோம், 2019இல் கேட்டோம், 2024க்குப் பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் சொன்னவர் வேறு, சுட்டிக்காட்டப்பட்டவர் வேறு. அரிசிக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள் மட்டும் அதே மக்கள்.

புதிதாகப் பதவிக்கு வரும் தலைவர்கள் நாட்டின் பிரச்சினைகளுக்கு முன்னைய ஆட்சியாளர்களைக் குற்றம் சாட்டுவது சரியா என்ற கேள்விக்கு, ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. நடந்த தவறை மறைப்பதும் அநீதி. நடந்த தவறையே சொல்லிச் சொல்லித் தன் கடமையை மறைப்பதும் அநீதி. எல்லையை எங்கே போடுவது என்பதுதான் விடயம். கடந்த பத்து ஆண்டுகளில் இந்த நாட்டில் நடந்தவற்றை நிதானமாகப் பார்த்தால் அந்த எல்லை ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்தப் பத்தாண்டுகளில் அதிக விலை கொடுத்த சமூகங்களில் ஒன்று என்ற வகையில் இந்தக் கேள்வி நமக்கு வெறும் அரட்டை அல்ல.

ஒரு குடும்பத்தின் கணக்கு

வாப்பா நடத்திய கடையை மகன் பொறுப்பேற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வெளியில் தெரியாத கடன்கள் இருக்கின்றன. மகன் முதலில் என்ன செய்ய வேண்டும்? வீட்டாரைக் கூட்டி, இவ்வளவு கடன் இருக்கிறது, இன்னின்னாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். அது குறை கூறுவது ஆகாது, அமானிதம். சொல்லாமல் மறைத்து, பழையபடியே செலவு செய்தால் அவரும் குற்றவாளிதான்.

ஆனால் மூன்று வருடம் கழித்து, கடையில் சாமான் இல்லையே என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் "வாப்பா கடன் வைத்துவிட்டுப் போய்விட்டார்" என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடனை நீங்கள் வாங்கவில்லை என்பது உண்மை. கடையை நீங்கள் கேட்டுத்தான் வாங்கினீர்கள் என்பதும் உண்மை.

அரசியலில் இந்த இரண்டாவது உண்மை அடிக்கடி மறக்கப்படுகிறது. எந்த ஜனாதிபதியும் கட்டாயப்படுத்தி அந்தக் கதிரையில் அமர்த்தப்படுவதில்லை. நாடு பாழாகிக் கிடக்கிறது, எங்களால் சரிசெய்ய முடியும் என்று சொல்லித்தான் வாக்குக் கேட்கிறார்கள். நிலைமை மோசம் என்று தேர்தல் மேடையில் அறிந்திருந்தவருக்கு, பதவியேற்ற பிறகு அது திடீர்ச் செய்தியாக இருக்க முடியாது.

2015: நல்லாட்சியும் பழைய கணக்கும்

2015 ஜனவரி 8ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டபோது, முஸ்லிம் சமூகம் மிகப் பெரும்பான்மையாக அவருக்கே வாக்களித்தது. 2014 ஜூனில் அளுத்கமவிலும் பேருவளையிலும் எரிந்த வீடுகளும் கடைகளும் அந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்தன. புதிய அரசாங்கம் முன்னைய ஆட்சியைக் குற்றம் சாட்டியது. அதில் நியாயம் இருந்தது. ஹம்பாந்தோட்டைத் துறைமுகம், 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் என வருமானம் தராத பெரும் திட்டங்களுக்காகக் கடன் வாங்கப்பட்டிருந்தது உண்மை.

நல்லாட்சி எதுவுமே செய்யவில்லை என்று சொல்வதும் நீதியல்ல. 19ஆவது திருத்தம் வந்தது. 2016இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. இவை உண்மையான முன்னேற்றங்கள்.

ஆனால் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம் கூட நிறையவில்லை, 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கிப் பிணைமுறி ஏலம் நடந்தது. ஊழலை ஒழிக்க வந்தவர்களின் காலத்திலேயே அது நாட்டின் மிகப் பெரிய ஊழல் விவகாரங்களில் ஒன்றாக வளர்ந்து, ஜனாதிபதி ஆணைக்குழு விசாரணை வரை சென்றது. பழையவர்கள் மீது சுட்டிய விரல் அன்றோடு பலவீனமாகிவிட்டது. தன் கை சுத்தமாக இல்லாதவர் அடுத்தவரின் கையைக் காட்டினால், பார்ப்பவர்கள் இருவரையும் ஒன்றாகவே எண்ணுவார்கள். "எல்லாரும் கள்ளர்கள்தான்" என்ற சலிப்பு அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தச் சலிப்பு உண்மையான கள்ளனுக்குத்தான் முதலில் உதவும்.

முன்னைய ஆட்சியினருக்கு எதிரான விசாரணைகளுக்கும் அதுவே நடந்தது. ஊடகங்களில் தினமும் செய்தி வந்தது. நீதிமன்றங்களில் முடிவு வரவில்லை. முடிவுக்கு வந்த முக்கிய வழக்குகளில் ஒன்று தேர்தல் காலத்தில் சில் துணி விநியோகித்த வழக்கு. 2017இல் முன்னாள் ஜனாதிபதியின் செயலாளருக்குத் தண்டனை கிடைத்தது. 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்கிடையில் ஆட்சியே மாறிவிட்டது.

2018இன் காட்சி இன்னும் வேடிக்கையானது. யாரைக் குற்றம் சாட்டி ஆட்சிக்கு வந்தாரோ அதே மஹிந்த ராஜபக்ஷவை, 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி மைத்திரிபால சிறிசேன தன் கையாலேயே பிரதமராக நியமித்தார். மூன்றரை வருடங்களாக மக்களுக்குச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகள் ஒரே இரவில் எங்கே போயின? நீதிமன்றம் தலையிட்ட பிறகு 52 நாட்களில் அந்த நாடகம் முடிந்தது. குற்றச்சாட்டு என்பது சிலருக்கு ஒரு கருவி மட்டுமே, தேவை முடிந்தால் கீழே வைத்துவிடுவார்கள் என்ற பாடத்தை மக்கள் அன்று கற்றார்கள்.

திகன சொன்ன செய்தி

நமது சமூகத்துக்கு அதைவிடக் கசப்பான பாடம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது. 2017 நவம்பரில் கிந்தோட்டை, 2018 பெப்ரவரியில் அம்பாறை, மார்ச்சில் திகனயும் கண்டி மாவட்டத்தின் வேறு ஊர்களும். அளுத்கமவுக்கு நீதி கேட்டு வாக்களித்தவர்கள், தாங்கள் கொண்டு வந்த ஆட்சியிலேயே பள்ளிவாசல்கள் எரிவதைப் பார்த்தார்கள். அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது.

பழைய ஆட்சியைச் சேர்ந்தவர்களே பின்னணியில் இருக்கிறார்கள் என்ற பேச்சு அப்போது அரசாங்கத் தரப்பிலிருந்து வந்தது. அது முழுக்க உண்மையாகவே இருக்கட்டும். பொலிஸ் யார் கையில் இருந்தது? கலவரம் தொடங்கியபோது சட்டம் ஒழுங்கு அமைச்சுப் பொறுப்பு பிரதமரிடமே இருந்தது. தீ வைத்தவனைக் குற்றம் சாட்டுவது பொதுமக்கள் செய்ய வேண்டியது. தீ வைத்தவனைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது அரசாங்கம் செய்ய வேண்டியது. அரசாங்கமே மக்களோடு சேர்ந்து நின்று குற்றம் சாட்டினால், அதிகாரத்தை நாங்கள் யாரிடம் கொடுத்தோம்?

2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களிலும் இதே நோய்தான் வெளிப்பட்டது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே உளவு எச்சரிக்கைகள் வந்திருந்தன. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போன பிறகு, ஜனாதிபதியும் பிரதமரும் தனக்குத் தெரியாது, தனக்குச் சொல்லவில்லை என்று மாறி மாறிக் கூறினார்கள். முன்னையவரைக் குற்றம் சாட்டும் பழக்கம் முற்றினால், அது பக்கத்து அறையில் இருப்பவரைக் குற்றம் சாட்டும் பழக்கமாக மாறும். கடைசியில் உயர் நீதிமன்றம்தான் பொறுப்பை எடுத்து உரிய தலைகளில் வைத்தது. 2023 ஜனவரி 12ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 100 மில்லியன் ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. பாதுகாப்பு உயர் அதிகாரிகளுக்கும் தனித்தனியாகத் தொகை குறிக்கப்பட்டது. அந்தத் தாக்குதலின் பழியை அதில் எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் வியாபாரிகளும் குடும்பங்களும் சுமந்தார்கள். மேலிடத்தில் பொறுப்பேற்க ஆளில்லாதபோது பழி எப்போதும் கீழ்நோக்கியே உருண்டு வரும்.

2019 முதல் 2022 வரை: பழி சொல்லிக்கொண்டே செய்த பிழைகள்

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ ஆட்சிக்கு வந்தார். இப்போது குற்றம் சாட்டும் முறை மறுபக்கத்துக்கு. நாட்டைக் கடனில் தள்ளியது நல்லாட்சி, பாதுகாப்பைக் கோட்டை விட்டது நல்லாட்சி. இதிலும் பகுதி உண்மை உண்டு. சர்வதேசப் பிணைமுறிகள் மூலம் கூடிய வட்டிக்குப் பெரும் தொகை பெறப்பட்டது 2015 முதல் 2019 வரையான காலத்தில்தான். ஆனால் 2007இல் 500 மில்லியன் டொலரோடு அந்தக் கதவை முதலில் திறந்தது மஹிந்த ராஜபக்ஷவின் அரசாங்கம். கடன் கதையில் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டினால் எந்தக் கட்சியும் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

பழையதைச் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் புதிய பிழைகள் நடந்தன. 2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் இருந்த அரச வருமானம் 2020இல் 9 சதவீதமளவுக்கு வீழ்ந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது விவசாயி ஒரு போகத்தை இழந்திருந்தான். கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது என்பதும் உண்மைதான். அது எல்லா நாடுகளுக்கும் வந்தது. இந்த முடிவுகள் இங்கே மட்டும் எடுக்கப்பட்டவை.

விளைவு நாம் அனைவரும் அனுபவித்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாத ஆரம்பத்தில், பயன்படுத்தக்கூடிய வெளிநாட்டு ஒதுக்கம் 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் கூறினார். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. நோன்பு காலத்தில் கஞ்சிக்கு அரிசியும் அடுப்புக்கு எரிவாயுவும் தேடி அலைந்த தாய்மார்களுக்கு இந்த எண்களை விளக்கத் தேவையில்லை. ஜூலை 9ஆம் திகதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். ஜூலை 14ஆம் திகதி கோட்டாபய பதவி விலகினார்.

ஜனாஸாக்களின் கணக்கு யார் பெயரில்?

இந்தக் காலத்தில்தான் நம் சமூகத்தின் ஆறாத காயம் ஏற்பட்டது. கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பது 2020 ஏப்ரல் வர்த்தமானி மூலம் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் எரித்தார்கள். பிறந்து 20 நாளேயான ஒரு பச்சிளம் குழந்தையின் ஜனாஸாவும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதிதான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதுவும் ஓட்டமாவடியில் மட்டும். நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் உறவினர்கள் அங்கேதான் உடலை அனுப்ப வேண்டியிருந்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக முஸ்லிம்கள் உள்ளிட்ட பாதிக்கப்பட்ட சமூகங்களிடம் மன்னிப்புக் கோரியது. மன்னிப்பை வரவேற்போம். ஆனால் இதை முன்னைய ஆட்சி செய்த தவறு என்று ஒரு வரியில் கடந்துவிட முடியுமா? எரிப்பு நடந்தபோது அமைச்சரவையில் இருந்தவர்களில் சிலர், மன்னிப்புக் கோரிய அமைச்சரவையிலும் அமர்ந்திருந்தார்கள். முடிவை எந்த நிபுணர் பரிந்துரைத்தார், எந்த ஆதாரத்தில் பரிந்துரைத்தார், யார் ஒப்புதல் அளித்தார் என்பது பெயர் பெயராக வெளிவர வேண்டும். பெயர் இல்லாத குற்றத்துக்குப் பெயர் இல்லாத மன்னிப்பு வந்திருக்கிறது. அரசாங்கம் தவறு செய்தது என்றால் அது எல்லோரும்; எல்லோரும் என்றால் ஒருவரும் இல்லை.

நமக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. எரிப்பு நடந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபரில், ஜனாதிபதிக்கு மிகுந்த அதிகாரம் அளிக்கும் 20ஆவது திருத்தத்துக்கு, எதிரணிப் பட்டியலில் தெரிவான முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் ஆதரவாக வாக்களித்தார்கள். ராஜபக்ஷக்களைக் குற்றம் சாட்டும்போது அந்த உயர்ந்த கைகளை நாம் மறந்துவிட்டால், நாமும் அதே விளையாட்டைத்தான் ஆடுகிறோம்.

76 வருடமும் சொந்தப் பங்கும்

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ வென்றது. இவர்களின் குற்றச்சாட்டு ஒரு ஆட்சியின் மீது அல்ல. 76 வருட ஆட்சிகள் அனைத்தின் மீதும். இதுவரை ஆட்சி செய்யாத கட்சி என்ற வகையில் அவர்களுக்கு இதைச் சொல்லும் உரிமை மற்றவர்களை விட அதிகம் என்று பலர் கருதினார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் முழுவதும் அல்ல. 2004இல் மக்கள் விடுதலை முன்னணி சந்திரிக்கா குமாரதுங்கவின் அரசாங்கத்தில் பங்கேற்றது. இன்றைய ஜனாதிபதி அன்று விவசாய அமைச்சராக இருந்தார். 2005 தேர்தலில் மஹிந்த ராஜபக்ஷவை அக்கட்சி ஆதரித்தது. 76 வருடத்தில் தமக்குரிய சில பக்கங்களும் இருக்கின்றன என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டால், மீதிப் பக்கங்களைப் பற்றி அவர்கள் சொல்வதற்கு மதிப்புக் கூடும்.

ஆட்சிக்கு வந்த சில வாரங்களிலேயே நாட்டரிசித் தட்டுப்பாடு வந்தது. டிசம்பரில் ஒரு கிலோவுக்கு 230 ரூபா கட்டுப்பாட்டு விலை விதிக்கப்பட்டது, இறக்குமதிக்கும் அனுமதி வழங்கப்பட்டது. ஆலை முதலாளிகளின் ஆதிக்கம் முன்னைய ஆட்சிகள் வளர்த்தது என்பதில் சந்தேகமில்லை. முதல் போகத்தில் அந்தப் பதிலை ஏற்கலாம். அடுத்த போகத்தில் அரசாங்கத்திடம் இருப்புக் கணக்கு இருக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உப மின் நிலையத்தில் பாய்ந்த குரங்கு காரணமாகச் சொல்லப்பட்டது. மக்கள் சிரித்தார்கள். ஒரு குரங்கால் நாடே இருளும் அளவுக்கு மின்கட்டமைப்பு பலவீனமாக இருப்பது பழைய ஆட்சிகளின் பிழை என்றால், அதைப் பலப்படுத்தும் திட்டமும் திகதியும் இன்றைய அமைச்சரிடமிருந்து வர வேண்டும்.

இன்னும் சில விடயங்களில் முன்னையவரைக் காட்டவே முடியாது. 1979இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதாக இந்த அரசாங்கமே வாக்களித்தது. 2025 மார்ச்சில், இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய இளைஞர் அதே சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். ஏப்ரலில்தான் விடுவிக்கப்பட்டார். சட்டத்தை இயற்றியது பழையவர்கள். தடுப்புக் காவல் உத்தரவில் கையெழுத்து இட்டது இன்றைய ஆட்சி. 2024 நவம்பரில் அமைந்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் அமைச்சரும் இல்லாமல் போனதும் அப்படித்தான். அந்தப் பட்டியலை முன்னைய ஜனாதிபதி எழுதிக் கொடுக்கவில்லை.

குற்றம் சாட்டுவது கடமையாகும் இடம்

இவ்வளவையும் பார்த்து, பழையதைப் பேசவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கடந்ததைக் கிளறாதீர்கள், முன்னோக்கிப் பாருங்கள் என்று அதிகம் சொல்பவர்கள் பெரும்பாலும் கடந்த காலத்தில் எதையோ புதைத்து வைத்திருப்பவர்களே.

கிரேக்கத்தில் 2009 ஒக்டோபரில் பதவிக்கு வந்த பாப்பாண்ட்ரூ அரசாங்கம், நாட்டின் வரவு செலவுப் பற்றாக்குறை முன்னைய அரசாங்கம் கூறியதை விடப் பெருமளவு அதிகம், உற்பத்தியில் 12 சதவீதத்துக்கு மேல் என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த அறிவிப்புக்குப் பின் நாடு பெரும் நெருக்கடிக்குள் போனது. அறிவிக்காமல் இருந்திருந்தால் கடன் மறைந்துவிடுமா? இன்னும் வளர்ந்திருக்கும். அங்கே முன்னையவரின் கணக்கைத் திறந்து காட்டியது ஆட்சியாளரின் கடமை. அதன் பிறகு மக்கள் சந்தித்த துன்பத்துக்கு அவரே முகம் கொடுக்க வேண்டியிருந்தது. 2011இல் பதவியையும் இழந்தார்.

பிரித்தானியாவில் 2024 ஜூலையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும், முன்னைய அரசாங்கம் 22 பில்லியன் பவுண் ஓட்டையை விட்டுச் சென்றதாக நிதியமைச்சர் அறிவித்தார். அதைக் காரணம் காட்டி முதியோரில் பெரும்பாலானோருக்குக் குளிர்காலத்தில் வழங்கப்பட்ட எரிபொருள் உதவியை நிறுத்தினார். மக்கள் முன்னைய அரசாங்கத்தின் மீது கோபப்படவில்லை; உதவியை நிறுத்தியவர் மீதே கோபப்பட்டார்கள். 2025 ஜூனில் அந்த முடிவில் பெரும்பகுதியை அரசாங்கம் திரும்பப் பெற்றது. ஓட்டை யாருடையதாக இருந்தாலும், அதை யாருடைய பையிலிருந்து அடைப்பது என்று தீர்மானிப்பவர் இன்றைய ஆட்சியாளர்தான்.

நம் நாட்டிலும் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அதைச் செய்தது எந்த அரசாங்கமும் அல்ல. பொருளாதார நெருக்கடிக்கு யார் பொறுப்பு என்று சிவில் அமைப்பொன்றும் சில குடிமக்களும் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார்கள். 2023 நவம்பர் 14ஆம் திகதி, கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷக்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர் உள்ளிட்ட அதிகாரிகளும் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. மேடையில் ஆயிரம் முறை சொன்னதை விட அந்த ஒரு தீர்ப்புக்குப் பலம் அதிகம். அதில் ஆதாரம் இருந்தது, எதிர்த்தரப்புக்குப் பேச வாய்ப்பு இருந்தது, பெயர்கள் இருந்தன. தண்டனையோ மக்களுக்கு இழப்பீடோ கிடைக்கவில்லை என்ற குறை இருந்தாலும், பழி என்பது பொறுப்பாக மாறும் இடம் அதுதான்.

ஒரு கலீஃபா செய்த வேலை

நம் வரலாற்றில் இதற்குப் பொருத்தமான ஒருவர் இருக்கிறார். ஹிஜ்ரி 99இல், அதாவது 717இல், சுலைமான் பின் அப்துல் மலிக்குக்குப் பிறகு உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) கலீஃபாவானார். உமையா குடும்பத்தினர் பொதுச் சொத்துகளையும் மக்களின் நிலங்களையும் தம் வசப்படுத்தியிருந்த காலம் அது. முன்னையவர்களைக் குறை சொல்ல அவருக்கு வேண்டிய அளவு காரணம் இருந்தது. அவர் செய்தது என்ன? அநியாயமாக எடுக்கப்பட்டவற்றைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். முதலில் தன் கையில் இருந்தவற்றிலிருந்து தொடங்கினார். தன் மனைவியின் நகைகள் கூட பைத்துல்மாலுக்குச் சென்றன. அந்த மனைவி முன்னைய கலீஃபாக்களில் ஒருவரின் மகள், இன்னொருவரின் சகோதரி.

வரலாற்றாசிரியர்கள் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார்கள். அதுவரை மிம்பர்களில் அலி (ரலி) அவர்களைத் திட்டும் வழக்கம் இருந்தது. உமர் பின் அப்துல் அஸீஸ் அதை நிறுத்தினார். முன்னிருந்த ஒரு ஆட்சியாளரை மேடையிலிருந்து ஏசுவதை நிறுத்திய அதே மனிதர், முன்னிருந்தவர்களின் அநியாயங்களைத் திருத்துவதை நிறுத்தவில்லை. வாய் அடங்கியது, கை வேலை செய்தது. மூன்று ஆண்டுகள் கூட நிறையாத ஆட்சி அது. காலம் போதவில்லை என்று சொல்ல அவருக்கும் முடிந்திருக்கும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த ஆட்சியாளர் முன்னையவரைக் குற்றம் சாட்டினாலும், கைதட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒன்று, ஆதாரம் எங்கே? தொகை, திகதி, ஆவணம், பெயர் ஆகியவற்றோடு பாராளுமன்றத்திலோ நீதிமன்றத்திலோ வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது கூட்டத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்களா?

இரண்டு, அடுத்து என்ன? பழையவர் இப்படிச் செய்தார், ஆகவே நாங்கள் இன்ன திகதிக்குள் இதைச் செய்வோம் என்று வசனம் முழுமையாக வருகிறதா, அல்லது முதல் பாதியோடு நின்றுவிடுகிறதா?

மூன்று, சொந்தப் பங்கு எங்கே? தங்களின் பழைய வாக்கு, பழைய கூட்டணி, பழைய மௌனம் பற்றி ஒரு வார்த்தையாவது உண்டா?

நான்கு, எத்தனை காலம்? ஒரு அரசாங்கம் தன் முதலாவது வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் வரை பழைய கணக்கைப் பேசட்டும். அது நியாயமான அவகாசம். தன் கையால் ஒரு முழு ஆண்டுக்கு வருமானமும் செலவும் எழுதிய பிறகு, நாட்டின் கணக்கு அவர்களின் கணக்கு. கடன் பழையதாக இருக்கலாம், யாரிடம் வரி எடுப்பது, எதற்குச் செலவிடுவது என்ற தெரிவு புதியது.

இந்தக் கேள்விகளை அரசாங்கத்திடம் மட்டும் கேட்டால் போதாது. நம் ஊர்ப் பள்ளிவாசலில் புதிய நிர்வாகம் வந்ததும் பழைய நிர்வாகத்தின் கணக்கை வாசித்துக் காட்டுகிறார்கள். மூன்று வருடம் கழித்தும் அதையே வாசிக்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் அதுதான், சமூக அமைப்புகளிலும் அதுதான். வீட்டில் பிள்ளை பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்தால் போன வருட ஆசிரியரைச் சொல்கிறது; நாமும் தலையாட்டுகிறோம். ஆட்சியாளர்கள் எங்கிருந்தோ வருவதில்லை. இந்த வீடுகளிலிருந்தும் இந்தச் சங்கங்களிலிருந்தும்தான் வருகிறார்கள்.

அளுத்கமவில் வீடிழந்தவர், திகனயில் கடையிழந்தவர், தன் பிள்ளையின் ஜனாஸாவைக் கையில் வாங்க முடியாமல் நின்ற தந்தை ஆகியோர் யாரும் எந்த ஆட்சியில் நடந்தது என்று கேட்கவில்லை. யார் பொறுப்பேற்பார்கள் என்றே கேட்கிறார்கள். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவரிடம், போனவர் என்ன செய்தார் என்பதைக் கேட்க வேண்டாம். அது நமக்குத் தெரியும். நீங்கள் வந்த பிறகு உங்கள் கையெழுத்தோடு நடந்தவை எவை, அவற்றுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்போம். நேராகப் பதில் சொல்பவருக்கு வாக்களிப்போம்.